ஆற்றில் போடாத உருண்டை

நாவல்துறை
ஸ்ரீமுக வருஷம், தை 14

அம்மிணி ராசம்மாளுக்கு அண்ணன் கண்ணுசாமி எழுதுவது.

ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறானே, யார் செத்தார்களோ என்று பதறாதே. நானும் உன் அண்ணி மாரியாயியும் நன்றாக இருக்கிறோம். குழந்தை செல்லாயிக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. நீ அவளைப் பார்த்ததே இல்லை. பேச ஆரம்பித்தால் வாயை மூட மாட்டாள், உன்னை மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். மேட்டூரில் அணை முடியப் போகிறது. ஆடிக்குள் தண்ணீர் தேங்கி நம் ஊர்மேல் ஏறிவிடும், சித்திரைக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று தாலுகா கச்சேரி ஆள் வந்து தமுக்கடித்துவிட்டுப் போனான். கிழக்கே எட்டுக் கல் தூரம் தள்ளி, கல்லாங்காடு என்ற மேட்டில் வீட்டுக்கு இவ்வளவு என்று இடம் அளந்து விட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். பெயருக்கு ஏற்ற இடம்தான்.

ஊரில் இருப்பது முப்பத்திரண்டு வீடு. எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசுகிறார்கள். "மாரியாத்தா வந்தா நாங்க வாரமுங்க பூசாரி. அவ வரலீன்னா எங்களுக்கு அங்க என்ன வேலை?" என்கிறார் ஊர்க்கவுண்டர். அம்மனைக் கேட்காமல் பீடத்தைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. நறுக்கு எழுதித்தான் கேட்க வேண்டும்.

முறை உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு ஓலை நறுக்கு. ஒன்றில் 'வாரேன்', மற்றதில் 'வரமாட்டேன்'. இரண்டையும் மடித்து, மஞ்சள் கலந்த புற்றுமண்ணில் வைத்து உருட்டி, காய்ந்ததும் தாம்பாளத்தில் அவள் முன்னால் வைக்க வேண்டும். பால்பல் விழாத குழந்தை ஒன்றை எடுக்கும். அதை உடைத்துப் படிப்பது பூசாரி. எடுக்காத உருண்டையை உடைக்காமல் ஆற்றில் போட்டுவிட வேண்டும். எழுதுகிறவள் மட்டும் பூசாரி வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போன பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டோடு இருப்பவர்களுக்கு ஆசை இருக்குமாம், கை கோணுமாம். இதுவரை பெரிய அத்தை எழுதினாள். அவள் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். இனி நீதான்.

'வரமாட்டேன்' என்று வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். நான் அம்மனை விட்டுவிட்டு வர முடியாது, தண்ணீர் ஏறினாலும் அவளோடுதான் உட்கார்ந்திருப்பேன். மாரியாயியையும் குழந்தையையும் அம்மாபேட்டைக்கு உன்னிடம் அனுப்பிவிடுகிறேன். ஊரும் பாதிக்கு மேல் என்னோடு உட்கார்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை மாதையனுக்கு என் நமஸ்காரம். அவசியம் வா.

கண்ணுசாமி


அம்மாபேட்டை, சேலம்
6-2-1934

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடைத்து எட்டு நாள் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஏழு வருஷம் கழித்து எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அதுவும் என்ன வேலை? நறுக்கு எழுதும் வேலை! அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அதோடு நிற்காமல் எட்டாவது வரை படித்துத் தொலைத்துவிட்டேனே. சேலத்தில் வாத்தியாரம்மா பயிற்சிக்கு இடம் கிடைத்து, கடுதாசியும் வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? "எனக்கென்ன அம்மிணி தெரியும், மாரியைக் கேக்கலாம்" என்றீர்கள். அத்தை எழுதினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தது. நீங்கள் உடைத்துப் படித்தீர்கள். 'வேண்டாம்.' அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

உங்கள் மாப்பிள்ளை நல்லவர். நூல் கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்தாலும் வீட்டுக்குள் வரும்போது ஏதாவது கேலி பேசிக்கொண்டுதான் வருவார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருக் கோடியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் மணி அடிக்கும்போது நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். தினமும் அந்த நேரத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம் வரும். இவ்வளவுதான் என் ஏழு வருஷம்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மற்ற உருண்டையில் என்ன இருந்தது? அதிலும் 'வேண்டாம்' என்று இருந்திருந்தால்? ஆற்றில் போடும் உருண்டையை ஒரு தடவையாவது உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அத்தைக்கு நான் பட்டணம் போவது பிடிக்காது என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குழந்தை உருண்டையை எடுத்து உங்கள் கையில் கொடுத்த பிறகு, நீங்கள் அதை உடைப்பதற்கு முன்னால், உங்கள் நெஞ்சு எதையோ வேண்டிக்கொள்ளும். அதைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். அதைத் தெரிந்துகொண்டு, உருண்டை இரண்டையும் ஆற்றில் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேடேறுங்கள். அதற்கு நான் எதற்கு?

தண்ணீரில் உட்கார்ந்துகொள்வேன் என்று எழுதுகிறீர்களே, இதை அண்ணியிடம் சொன்னீர்களா?

ராசம்மாள்


நாவல்துறை
ஸ்ரீமுக வருஷம், மாசி 3

அம்மிணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கத் தைரியம் வரவில்லை.

உன் படிப்பு விஷயத்தில் வந்ததைப் படித்தேன், வேறு ஒன்றும் நான் அறியேன். மற்ற உருண்டையை நான் உடைத்ததில்லை. அப்பாவும் உடைத்ததில்லை. அவள் சொல்லாமல் விட்டதைத் தோண்டிப் பார்க்கக் கூடாது என்பார்.

நெஞ்சைக் கவனி என்று எழுதியிருக்கிறாய். அம்மிணி, என் நெஞ்சு வேண்டிக்கொள்வதை வைத்து முப்பத்திரண்டு வீட்டை எப்படிக் கிளப்புவது? நான் ஒரு பூக்கட்டிப் பண்டாரம். நான் சொன்னால் என் எருமைகூட நகராது. நாளைக்கு அந்த மேட்டில் ஒரு மாடு செத்தாலும் "பூசாரி சொன்னான், வந்தோம்" என்பார்கள். அவள் சொன்னாள் என்றால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நறுக்கு எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறாய்? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாரியாயியிடம் சொன்னேன். மூன்றாம் நாள், "நீங்க போங்க, நான் கொளந்தையத் தூக்கிட்டு உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு நெல்லைப் புடைக்க உட்கார்ந்தாள். வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அளவுக்காரர்கள் வந்து மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். கோயில் நாவலுக்கு நானூற்றுப் பதினொன்று. நீ வராவிட்டால் கேட்க முடியாது. கேட்காவிட்டால் ஒருவரும் நகர மாட்டார்கள். தண்ணீர் இதற்கெல்லாம் காத்திருக்குமா? என்மேல் இருக்கும் கோபத்தை நீ அப்படியே வைத்துக்கொள். வந்து எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கோபித்துக்கொள்.

கண்ணுசாமி


அம்மாபேட்டை
26-2-1934

அண்ணன் அவர்களுக்கு,

வருகிறேன். பங்குனி முதல் செவ்வாய்க்கு வந்துவிடுவேன். அவருக்குக் கடையில் லீவு இல்லை. மேட்டூர்வரை வந்து ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்.

வெறும் முறம் என்று ஏன் எழுதினீர்கள்? அது இல்லையென்றால் வந்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் எழுதி உருட்டி முடிக்கும்வரை யாரும் என் பக்கத்தில் வரக் கூடாது. நீங்களும்தான். அத்தைக்குப் பக்கத்தில் அம்மா நிற்பாள், எனக்கு அப்படி வேண்டாம். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

செல்லாயிக்கு வளையல் வாங்கியிருக்கிறேன். கை அளவு தெரியாது. பெரிதாகவே வாங்கினேன்.

ராசம்மாள்


கல்லாங்காடு
பவ வருஷம், சித்திரை 22

அம்மிணிக்கு,

வந்து சேர்ந்தோம். நீ பஸ் ஏறிப் போன பத்தாம் நாள் கிளம்பினோம். பீடக் கல்லைப் புது வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் முதல் வண்டியில் உட்கார்ந்தேன். வழியில் தரையில் வைத்தால் அங்கேயே தங்கிவிடுவாள் என்று எட்டுக் கல் தூரமும் மடியிலிருந்து இறக்கவில்லை. மேடு சேர்ந்தபோது இரண்டு தொடையும் மரத்து, என்னை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். எனக்குப் பின்னால் இருபத்தாறு வண்டி. ஒரு வீட்டுக்காரன்கூடப் பின்தங்கவில்லை.

அன்றைக்கு உருண்டையை உடைத்து 'வாரேன்' என்று நான் படித்ததும் எழுந்த குலவையை நீயும் கேட்டாயல்லவா? ஊர்க்கவுண்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நீ மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாய். பயண அலுப்பு என்று மாரியாயி சொன்னாள்.

செல்லாயிக்கு ஒரே பெருமை. "நான்தே எடுத்தேன், நான்தே எடுத்தேன், நான் எடுத்ததுனாலதே மாரி வந்தா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். நீ கொடுத்த வளையல் முழங்கைவரை ஏறிக்கொள்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

இங்கே இன்னும் கிணறு இல்லை. அரைக் கல் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். வேப்பங்கன்று ஒன்று நட்டிருக்கிறேன். நாவல் இந்த மண்ணில் வராதாம்.

கண்ணுசாமி


அம்மாபேட்டை
9-6-1934

அண்ணன் அவர்களுக்கு,

எல்லோரும் மேடேறியது கேட்டு நிம்மதி. நிஜமாகவே நிம்மதி. ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். "அம்மன் உங்கண்ணன் மடியில் உக்காந்து போனா, நீ ஏன் இங்க முழிச்சுட்டு உக்காந்திருக்கற?" என்று கேலி செய்கிறார்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். குழந்தையை வெயிலில் விடாதீர்கள். அவளுக்கு ஒரு பாவாடைத் துணி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே எழுதுங்கள். மாட்டுக்குச் சரியில்லை என்றாலும் எழுதுங்கள்.

மற்ற உருண்டையை ஆற்றில் போட்டுவிட்டீர்கள்தானே? சும்மா கேட்டேன்.

ராசம்மாள்


கல்லாங்காடு
பவ வருஷம், ஐப்பசி 11

அம்மிணிக்கு,

உன் கடிதத்துக்கு நாலு மாதமாகப் பதில் எழுதவில்லை. தண்ணீர் ஏறியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்றிருந்தேன். ஆடியில் போனேன். கோபுரம் இல்லாத கோயிலுக்கு என்ன அடையாளம் இருக்கும்? நாவல் உச்சி மட்டும் ஒரு கை அகலம் தெரிந்தது. மறுவாரம் அதுவும் இல்லை. அதை எழுத நினைத்தேன், கை வரவில்லை.

இப்போது எழுதுவது வேறு. புரட்டாசி மூன்றாம் வாரம் செல்லாயிக்கு ஜுரம் வந்தது. பதினெட்டு நாள். கழுத்து விறைத்துக்கொண்டது. எடப்பாடிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனுஷன். மூன்று நாள் தன் வீட்டுத் தாழ்வாரத்திலேயே எங்களைப் படுக்கவைத்துப் பார்த்தார். பிள்ளை பிழைத்துவிட்டாள். நீ பயப்படாதே, பிழைத்துவிட்டாள்.

காதுதான் போய்விட்டது. ஜுரம் விட்ட அன்று, "ஏனுங்கப்பா எல்லாரும் வாய மட்டும் அசைக்கறீங்க, பேசுங்க" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தோம். டாக்டர் பின்னால் நின்று தட்டைப் போட்டார். திரும்பவில்லை. "இரண்டு காதும் போச்சு பூசாரி, இதுக்கு மருந்து கெடையாது, சென்னப்பட்டணம் போனாலும் இதேதான் சொல்லுவாங்க" என்றார். போய்ப் பார்க்கிறோம் என்றேன். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார்.

ஊரில் பேச்சு வேறு விதமாகக் கிளம்பிவிட்டது. கிணறு முப்பது முழம் தோண்டியும் பாறை. ஏழு மாடு கோமாரியில் போயிற்று. இப்போது உருண்டை எடுத்த குழந்தைக்கே காது போயிற்று. "மாரிக்கு இங்க இருக்க இஷ்டமில்லீங்க, திரும்பக் கேட்டுப் பாத்துருங்க. போறேன்னா கொண்டுபோய்த் தண்ணியில எறக்கிருவோம்" என்கிறார்கள். பாதிப் பேர் அவளை இறக்கிவிட்டு அவரவர் ஒரு பக்கம் பிழைக்கப் போய்விடலாம் என்று இருக்கிறார்கள். மாரியாயியும் அதையே சொல்கிறாள். என்னிடம் சொல்வதில்லை. குழந்தைக்குக் கேட்காது என்பதால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகவே சொல்கிறாள்.

கார்த்திகை இரண்டாம் செவ்வாய்க்குள் நீ வர வேண்டும். 'இருக்கிறேன்', 'போறேன்'. இரண்டு நறுக்கு.

கண்ணுசாமி


அம்மாபேட்டை
5-11-1934

அண்ணன் அவர்களுக்கு,

குழந்தையைப் பற்றிப் படித்தேன். அவளை இங்கே அனுப்புங்கள், அல்லது நீங்கள் கூட்டி வாருங்கள். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம். அவர் லீவு போடுகிறேன் என்கிறார்.

நறுக்கு எழுத என்னால் வர முடியாது. எனக்கும் உடம்பு சரியில்லை. வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அல்லது கேட்காமல் விடுங்கள்.

ராசம்மாள்


கல்லாங்காடு
பவ வருஷம், கார்த்திகை 1

ராசம்மாளுக்கு,

வேறு யார் இருக்கிறார்கள்? நம் வீட்டில் பிறந்து வெளியே போன பெண் நீ ஒருத்திதான். உடம்பு சரியில்லை என்பது பொய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. அன்று என்மேல் கோபம் இருந்தும் வந்தாய். இன்று என்ன வந்தது?

நீ வரவில்லை என்றால் ஊர் என்னைக் கேட்கும். நான் என்ன சொல்லட்டும்? எழுது.

கண்ணுசாமி


அம்மாபேட்டை
22-11-1934

அண்ணா,

என்னால் இனி எழுத முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள், ஊரைக் கூட்டிப் படியுங்கள், உங்கள் இஷ்டம்.

அன்று நான் சொன்னபடி நீங்கள் ஆற்றைப் பார்த்து நின்றீர்கள். உங்கள் முதுகு எனக்குத் தெரிந்தது. ரொம்ப இளைத்திருந்தது. நான் முறையாகத்தான் ஆரம்பித்தேன். முதலில் 'வரமாட்டேன்' எழுதினேன். மடித்தேன். அடுத்ததில் 'வாரேன்' எழுதினேன். அதையும் மடித்தேன். புற்றுமண்ணைக் கையில் எடுத்தபோது செல்லாயி அந்தப் பக்கமிருந்து, "அத்தை, ஆச்சா?" என்று கூப்பிட்டாள். இந்தக் குழந்தையின் கை தாம்பாளத்தில் எந்தப் பக்கம் போகுமோ, அதைப் பொறுத்து இவளுக்கு அப்பன் இருப்பான் அல்லது இருக்க மாட்டான் என்று நினைத்தேன். இதை எந்த அம்மன் கேட்பாள்?

'வரமாட்டேன்' நறுக்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்னொரு ஓலையில் இன்னொரு 'வாரேன்' எழுதினேன்.

இரண்டு உருண்டையிலும் 'வாரேன்'தான் இருந்தது, அண்ணா.

அத்தைமேல் நான் ஏழு வருஷமாக எந்தச் சந்தேகத்தை வைத்திருந்தேனோ, அதையே நான் செய்தேன். அவள் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் செய்தேன் என்று தெரியும். அம்மனை நம்பாதவள் மாதிரி உங்களுக்கு எழுதினேன். செய்துவிட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் நம்புகிற அளவுக்கு நீங்கள்கூட நம்பியிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் முதலில் கடைசி வரியைத்தான் படித்தேன்.

அவள் வரமாட்டேன் என்றுதான் இருந்தாளோ என்னவோ. நான் அவள் வாயைக் கட்டிவிட்டேன். அதற்கு என் காதை எடுத்திருக்கலாம். நான் பிள்ளை இல்லாதவள், என்னிடம் எடுக்க வேறு ஒன்றும் இல்லை என்று குழந்தையிடம் போனாளா? இப்படியெல்லாம் நினைக்கிறேன். உடனே, எடப்பாடியில் ஜுரத்தில் காது போன குழந்தைகள் எத்தனையோ, அவர்களெல்லாம் எந்த நறுக்கை எடுத்தார்கள் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் நினைத்துக்கொண்டே சோறு பொங்குகிறேன். இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த 'வரமாட்டேன்' நறுக்கு இங்கே விளக்குமாடத்தில் இருக்கிறது. எரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

நான் செய்யாமல் இருந்திருந்தால் நீங்கள் தண்ணீருக்குள் போயிருப்பீர்களோ என்று நினைக்கும்போது மட்டும், மறுபடியும் அந்த இடத்தில் உட்கார்ந்தால் மறுபடியும் இதைத்தான் செய்வேன் என்று தோன்றுகிறது. அதனால் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ராசம்மாள்


கல்லாங்காடு
பவ வருஷம், மார்கழி 4

அம்மிணிக்கு,

உறையில் இரண்டு ஓலை நறுக்கு வைத்திருக்கிறேன். பத்திரமாகப் பிரி, ஓரம் பொடிகிறது. இரண்டும் உன் கையெழுத்துத்தான்.

குழந்தை எடுத்ததை உடைத்துப் படித்த பிறகு, மற்ற உருண்டையோடு நான் தனியாக ஆற்றில் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்றேன். கரையில் குலவை நிற்கவில்லை. போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. 'ஒரு தடவையாவது உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா?' அந்த ஒரு வரி மாசியிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருந்தது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடைத்தேன்.

அன்றைக்கே எனக்குத் தெரியும், அம்மிணி. பீடத்தில் நான் கை வைப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

திரும்பி வந்து, "நறுக்கு செல்லாது, மறுபடியும் எழுதணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதுதான் பூசாரி வேலை. மண்ணைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, ஓலையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, கரையேறி வந்து, பிறகு கிளம்பும் நாளில் கல்லைத் தூக்கினேன். எட்டுக் கல் தூரமும் மடியில் அவள், இடுப்பில் அந்த ஓலை. தொடை மரத்துப்போனது கனத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே உனக்கு எழுதினேன். நீ பதறி, மற்ற உருண்டையை ஆற்றில் போட்டீர்கள்தானே என்று கேட்டபோது பதில் எழுதாமல் விட்டேன். உன்னைத் தனியாக வேகவிட்டு நான் சும்மா இருந்தேன். இதற்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

உடைப்பதற்கு முன் நெஞ்சைக் கவனியுங்கள் என்று எழுதினாயே, கவனித்தேன். 'வாரேன்னு வரட்டும், ஆத்தா, வாரேன்னு வரட்டும்' என்று அடித்துக்கொண்டது. அவளோடு உட்கார்ந்துகொள்வேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நெஞ்சு. எனக்குச் சாக விருப்பமில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு மேடேறத்தான் ஆசை. அதை என் வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவள் வாயில் சொல்ல வைத்தேன். உன் படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். 'வேண்டாம்' என்று படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பயிற்சிக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அன்று மற்ற உருண்டையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சில் என்ன இருந்தது என்று தெரியும். அதை உனக்குச் சொல்ல ஏழு வருஷம் போதவில்லை.

கார்த்திகைச் செவ்வாயில் ஊர் கூடியது. எழுத ஆள் இல்லை, கேட்க முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் பெயரும் வரும். பதினொரு வீட்டுக்காரர்கள் மறுநாளே வண்டி கட்டிவிட்டார்கள். நூல் வேலைக்குக் குமாரபாளையம் போகிறார்களாம். மீதிப் பேர் இருக்கிறார்கள், எதற்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. தினமும் விளக்கு வைக்கிறேன். கல்லுக்குள் அவள் இருக்கிறாளா, வராமல் அங்கேயே தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது. மாரியாயிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

நீ வைத்திருக்கும் நறுக்கையும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு வை, அல்லது எரி. எதையும் கேட்டுச் செய்யாதே.

தை பிறந்ததும் செல்லாயியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியிலும் காட்டிவிடுவோம். அவளுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கிணற்றுக்குத் தோண்டிப் போட்ட மண்ணில்தான் நாள் முழுக்க விளையாடுகிறாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டு உருண்டை உருட்டி, சொளகில் வைத்து, வருகிறவர்கள் முன்னால் நீட்டுகிறாள். எடுக்காமல் போனால் விட மாட்டாள், வேட்டியைப் பிடித்துக்கொள்வாள். நேற்று என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுபடியும் நீட்டினாள். ஒன்றை எடுத்தேன். உடை என்று கையால் காட்டினாள். உடைத்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. அவள் மற்றதையும் தானே எடுத்து உடைத்து, அதிலும் ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

கண்ணுசாமி